அம்பாசடரின் தம்பி: ஒரு எம்ஜிபி எஞ்சினைக் குறைந்த செலவில் மீட்ட கதை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கொஞ்சம் ஆயில் கறையும் உண்டு. மென்பொருள் குறிப்புகளுக்காக இங்கே வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் மிட்லேண்ட்ஸ் பகுதியில் குடியிருந்தேன். அப்போது 1970ஆம் வருஷத்து எம்ஜிபி ஜிடி கார் ஒன்றை வாங்கினேன். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பாடி நன்றாக இருந்தது, பெயின்ட் சுமார், விலை மட்டும் ஆச்சரியமான அளவுக்குக் குறைவு. காரணம் பானெட்டைத் திறந்ததும் தெரிந்தது. கனெக்டிங் ராடு உடைந்து, எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டுச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தது. உள்ளங்கை அகல ஓட்டை. அந்த பிளாக்கை இனி காகிதம் பறக்காமல் இருக்க மேலே வைக்கலாம், அவ்வளவுதான்.

முழுதாகப் புதுப்பித்த எஞ்சினுக்கு விலை கேட்டேன். காருக்குக் கொடுத்ததைவிட அதிகம் சொன்னார்கள். அன்று இரவு ஊரிலிருந்த அப்பாவுக்கு எஞ்சினின் படத்தை அனுப்பினேன். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் சொந்தமாக அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது.

"ஏம்ப்பா, இது நம்ம அம்பாசடர் எஞ்சின் மாதிரில்ல இருக்கு?"

"இல்லப்பா, இது ஸ்போர்ட்ஸ் கார்."

"என்ன காரா வேணா இருக்கட்டும். அந்த டேப்பெட் கவர், மேனிஃபோல்டு எல்லாம் அதேதான். நீ நல்லாப் பாரு."

பார்த்தேன். அப்பா சொன்னது சரி. அந்த ஒரு தகவலிலிருந்துதான் இந்த வேலை முழுக்க நகர்ந்தது. இதில் நான் கற்றதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய எஞ்சினைக் குறைந்த செலவில் மீட்பது, மலிவான பாகம் வாங்கும் சாமர்த்தியம் இல்லை. எதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்று தெரிந்துகொள்வது. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று எஞ்சினின் வம்சாவளி, இன்னொன்று அளவு.

வம்சாவளி

1952இல் ஆஸ்டின் நிறுவனமும், மோரிஸ், எம்ஜி ஆகியவற்றை வைத்திருந்த நஃபீல்டு குழுமமும் இணைந்து பிஎம்சி என்ற பெரிய நிறுவனம் உருவானது. அதன் நடுத்தரக் கார்களுக்கான எஞ்சின் வரிசைக்கு 'பி சீரீஸ்' என்று பெயர். இதன் மூலம், 1947இல் ஆஸ்டின் ஏ40 காருக்கு வந்த 1200 சிசி எஞ்சின்.

இந்தக் குடும்பத்தில் ஒரு அழகு உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், எல்லா முக்கிய மாடல்களிலும் ஒன்றேதான்: 88.9 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம். மாறிக்கொண்டே வந்தது சிலிண்டரின் விட்டம் மட்டும். 73 மி.மீ. வைத்தால் 1489 சிசி. 76.2 வைத்தால் 1622 சிசி. 80.26 வைத்தால் 1798 சிசி. இந்தக் கடைசி அளவுதான் எம்ஜிபி.

முதல் அளவான 1489 சிசி எஞ்சின்தான் எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் 1955இல் வந்தது. அதே 1489 சிசி எஞ்சின்தான் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வங்காளத்தின் உத்தர்பாராவுக்குப் போய், நம் ஊர் அம்பாசடரின் பானெட்டுக்குள் பல பத்தாண்டுகள் ஓடியது. கார்புரேட்டர், கம்ப்ரெஷன், கேம்ஷாஃப்ட் எல்லாம் வேறு வேறு. ஆனால் எலும்பு ஒன்று. எங்கள் வீட்டு வாசலில் கல்யாண முகூர்த்தத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன எஞ்சினின் அண்ணன் தம்பிதான் ஆங்கிலேயப் பணக்கார இளைஞர்களின் ஞாயிற்றுக்கிழமைக் காரையும் இழுத்தது.

இது வெறும் சுவாரசியமான துணுக்கு இல்லை. பட்ஜெட்டுக்கு இதில் நேரடியான பயன் இருக்கிறது. ஃபெராரி மாதிரி தனக்கென்று வடிவமைத்த எஞ்சின் கொண்ட காருக்கு பேரிங் வேண்டுமென்றால் சொத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பக் காரிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினுக்கு அப்படி இல்லை. 1962இலிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபிகள் அபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன. பேரிங், ரிங், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதிதாகவே செய்கிறார்கள். ஆகவே முதல் பாடம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஆசை இருந்தால், காரைப் பார்க்கும் முன்பு அதன் எஞ்சின் வேறு எந்தச் சாதாரண காரில் ஓடியது என்று பாருங்கள்.

எங்கே தேடுவது, எதைத் தேடுவது

எம்ஜிபிக்குத் தனியாக சேஸி கிடையாது. பாடியே சேஸி. கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதி துருப்பிடித்தால் முழுக் காரும் போச்சு. இங்கிலாந்து மழைக்கும் குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்புக்கும் இப்படிச் செத்த கார்கள் ஏராளம். உடல் போய் எஞ்சின் மிஞ்சிய கார் என்பதுதான் நமக்கான சுரங்கம். நான் தேடியதும் அதைத்தான். "ஸ்பேர் எஞ்சின் விற்பனைக்கு" என்ற விளம்பரத்தைவிட, "வண்டியை உடைக்கிறோம், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற விளம்பரத்தில் விலை குறைவாக இருக்கும். அவருக்கு கேரேஜில் இடம் காலியாக வேண்டும்.

எல்லா 1800 சிசி பி சீரீஸும் எம்ஜிபிக்குப் பொருந்தாது. எஞ்சினின் வலது பக்கம், ஸ்பார்க் பிளக் இருக்கும் பக்கத்தில், சின்ன உலோகத் தகடு ரிவெட் அடித்திருக்கும். அதில் உள்ள எழுத்துகள்தான் அதன் ஜாதகம்.

18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் ஆரம்ப கால எஞ்சின். கிராங்க்ஷாஃப்ட்டை மூன்று மெயின் பேரிங் மட்டும் தாங்கும். 1964 கடைசியில் வந்த 18ஜிபி முதல் ஐந்து பேரிங். கிராங்க் வளையாமல் நிற்க ஐந்து தேவலை. 1970களில் வந்தவை 18வி. இவற்றில் அமெரிக்க ஏற்றுமதிக்கானவற்றில் கம்ப்ரெஷன் குறைவு. மோரிஸ் மரினா 1.8 காரிலும் இதே குடும்பத்தின் எஞ்சின்தான். ஆனால் சுற்றி மாட்டியிருக்கும் தகடுகளும் சில வெளிப் பாகங்களும் வேறு. ஆஸ்டின் 1800 பக்கம் போகவே வேண்டாம். அதில் எஞ்சின் குறுக்கே கிடக்கும், கியர்பாக்ஸ் அதன் அடியில் இருக்கும்.

எனக்குக் கிடைத்தது, துரு தின்ற 1970களின் கடைசி எம்ஜிபி ஒன்றின் 18வி எஞ்சின். ஓடி ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. என் காரில் இருந்த கியர்பாக்ஸுடன் அது சேரும். 1974இல் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது எஞ்சினைத் தாங்கும் இடங்களை மாற்றிவிட்டார்கள். ஆகவே முன்பக்கத் தகட்டை என் உடைந்த எஞ்சினிலிருந்து கழற்றி இதில் மாட்ட வேண்டியிருந்தது. உடைந்த எஞ்சினை அவசரப்பட்டு பழைய இரும்புக்குப் போடக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். கார்புரேட்டர், ஹெட், மேனிஃபோல்டு, தகடு, ஃப்ளைவீல் என்று பாதி எஞ்சின் அதற்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் பத்து நிமிஷம்

ஓடாத எஞ்சினை விற்பவரிடம் "கண்டிஷன் எப்படி?" என்று கேட்டுப் பயனில்லை. "கடைசியா ஓட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். உலகம் முழுக்க அதே பதில். நாமே பார்த்துக்கொள்ள வேண்டியவை இவை.

முதலில் சுற்றிப் பாருங்கள். முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பேனர் மாட்டி மெதுவாக இழுத்தால் எஞ்சின் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் எஞ்சின் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, விலை பாதியாக வேண்டும் என்று அர்த்தம்.

அடுத்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பு ஆயில் பரவாயில்லை. காபியில் பால் கலந்த நிறத்தில் களிம்பு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வெளியே நின்ற எஞ்சினில் மூடியில் மட்டும் கொஞ்சம் இருப்பது சகஜம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம்.

மூன்றாவது, ராக்கர் கவரைக் கழற்ற அனுமதி கேளுங்கள். இரண்டே இரண்டு நட்டுதான். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தொளதொளவென்று ஆடினால் அந்த எஞ்சினுக்கு ஆயில் மாற்றிய கை எதுவும் இல்லை. மேலே இப்படி இருந்தால் கீழேயும் அப்படித்தான்.

நான்காவது, பிளாக்கின் பக்கத்தில் வட்ட வட்டமாக இருக்கும் கோர் பிளக்குகளைப் பாருங்கள். தண்ணீர் உறைந்து ஒன்று பிதுங்கியிருந்தால், அருகிலேயே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். குளிர் தேசத்தில் ஆன்டிஃப்ரீஸ் ஊற்றாமல் நின்ற எஞ்சினுக்கு வரும் வியாதி இது. நம் ஊரில் வராது.

இந்த நான்கும் தேறியது. 180 பவுண்டு கொடுத்தேன்.

கழற்றும்போதே கதை கேட்கலாம்

எஞ்சினைப் பிரிப்பது ஒரு நாள் வேலை. ஆனால் நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு பை, பையின் மேல் ஒரு எண். நம்ம தொழில் பழக்கம்தான். ஆவணம் இல்லாத பழைய நிரலைத் தொடும் முன் என்ன செய்வோமோ, அதேதான் இங்கேயும்.

சில பாகங்கள் இடம் மாறவே கூடாது. மெயின் பேரிங் மூடிகள் அந்தந்த இடத்தில் வைத்தே கடைந்தவை. இரண்டாவது மூடியைத் தவறி மூன்றாவதில் போட்டால் கிராங்க் சுற்றாது. கனெக்டிங் ராடும் அதன் மூடியும் பிறவி ஜோடி. பழைய கேம்ஷாஃப்ட்டையே வைத்துக்கொள்வதாக இருந்தால், எட்டு டேப்பெட்களும் எந்தக் குழியிலிருந்து வந்தனவோ அதற்கே திரும்பப் போக வேண்டும். முட்டை அட்டையில் எட்டுக் குழிக்கு எண் போட்டு வைத்தேன்.

அந்த முட்டை அட்டைதான் முதல் கெட்ட செய்தியைச் சொன்னது. டேப்பெட்டின் அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். எட்டில் ஐந்து, அம்மை வந்த முகம் மாதிரி குழிகுழியாக இருந்தன. அப்படியென்றால் கேம்ஷாஃப்ட்டும் போனது என்று அர்த்தம். இந்த எஞ்சின்களில் இது அடிக்கடி பார்க்கும் வியாதி. புது டேப்பெட்டைப் பழைய கேம் மேல் போடக்கூடாது, பழைய டேப்பெட்டைப் புது கேம் மேலும் போடக்கூடாது. இரண்டும் சேர்த்துத்தான்.

அளவு: இங்கேதான் காசு மிச்சம்

அப்பாவின் காரைப் பார்த்த மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் ஒரு பழைய மைக்ரோமீட்டரை மஞ்சள் துணியில் சுற்றி, சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருப்பார். "அளக்காம போர் பண்ணச் சொல்றவன் கமிஷன் வாங்குறவன்" என்பார். சின்ன வயதில் கேட்டபோது புரியவில்லை.

எஞ்சினைத் திறந்துவிட்டாலே சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். கிராங்கையும் கடைய வேண்டும், ஹெட்டையும் மாற்ற வேண்டும். எல்லாம் செய்தால் எஞ்சின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எது தேவை?

பழைய மைக்ரோமீட்டர்கள் இரண்டும், சிலிண்டர் விட்டம் அளக்கும் டயல் போர் கேஜ் ஒன்றும் 75 பவுண்டுக்கு வாங்கினேன். இந்த வேலையில் நான் செய்த உருப்படியான முதலீடு அதுதான்.

லேத் பட்டறைகளில் 'தௌ' என்று சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.025 மி.மீ. ஒரு தலைமுடி இரண்டு மூன்று தௌ இருக்கும். எஞ்சினின் வாழ்வும் சாவும் இந்த அளவில்தான்.

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. பிஸ்டன் ரிங் போகும் உச்சிக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம். வெடிப்பின் அழுத்தமும் வெப்பமும் அதிகம், ஆயில் குறைவு. சிலிண்டரின் அடிப்பகுதி கிட்டத்தட்ட தேயாது. ஆகவே மேலே ஒரு அளவு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, அதே மூன்றைத் தொண்ணூறு டிகிரி திருப்பி மறுபடியும் என ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. நான்கு சிலிண்டருக்கு இருபத்து நான்கு எண்கள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேய்மானம்.

என் எஞ்சினில் அதிகபட்சம் மூன்று தௌ. பிஸ்டன்களிலும் பெரிய கீறல் இல்லை. அப்படியென்றால் போர் வேண்டாம், புதுப் பிஸ்டன் வேண்டாம். புது ரிங் போட்டு, சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல்லால் குறுக்குமறுக்காக மெல்லிய கோடுகள் போட்டால் போதும். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: தேய்ந்த சிலிண்டரின் உச்சியில் ஒரு சின்ன விளிம்பு மிஞ்சியிருக்கும். அதைக் கடைந்து எடுக்காமல் புது ரிங் போட்டால், மேல் ரிங் அந்த விளிம்பில் முட்டி உடையும்.

கிராங்கில் கதை வேறு. மெயின் பேரிங் உட்காரும் இடங்கள் நன்றாக இருந்தன. ஆனால் இரண்டாவது சிலிண்டரின் பிக் எண்ட் வட்டமாக இல்லை, இரண்டு தௌ நீள்வட்டம். கண்ணுக்கு அது பளபளவென்று அழகாகத்தான் தெரிந்தது. கண்ணை நம்பியிருந்தால் அப்படியே மாட்டியிருப்பேன், ஆயிரம் மைலில் தட்டல் சத்தம் வந்திருக்கும். கிராங்கைப் பத்து தௌ குறைத்துக் கடைய 140 பவுண்டு ஆனது. அதற்கேற்ற தடிமனான பேரிங் கடையில் தயாராகக் கிடைக்கிறது.

ஹெட் என்னிடம் இரண்டு. இந்த ஹெட்டில் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் புகை ஒரே வழியாக வெளியேறும். அதனால் அந்த நடுப்பகுதிதான் அதிகம் சூடாகும், வால்வு சீட்டுகளுக்கு இடையே விரிசல் விடும். வாங்கிய எஞ்சினின் ஹெட்டைச் சுத்தம் செய்து சாயச் சோதனை செய்தபோது அதே இடத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது. நல்லவேளை, என் பழைய எஞ்சினின் ஹெட்டில் விரிசல் இல்லை. அதற்குப் புது வால்வு கைடும், எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட்டும் போட்டேன். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி இருந்தது. பிரிட்டன் பங்க்குகளில் 2000 தொடக்கத்திலிருந்து அது கிடையாது. மெத்தை போனதால் தரையைக் கெட்டியாக்க வேண்டும்.

நான் செய்த தப்பு

இதுவரை படித்தால் ரொம்ப சாமர்த்தியசாலி மாதிரி தெரியும். இனி வருவது அப்படி இல்லை.

ஹோனிங்கை நானே செய்தேன். முடித்ததும் பிளாக்கை மண்ணெண்ணெயால் இரண்டு முறை கழுவித் துடைத்தேன். பளிச்சென்று இருந்தது. கோர்த்தேன், ஸ்டார்ட் ஆனது, சந்தோஷமாக ஓட்டினேன். தொடக்கத்தில் சூடான எஞ்சினில் ஆயில் அழுத்தம் 60 பவுண்டு காட்டியது. இருநூறு மைல் ஆவதற்குள் 40க்கு வந்துவிட்டது. ஆயிலை வடித்து வெயிலில் பார்த்தேன். உள்ளே மினுமினுவென்று பொடி.

சம்ப்பைக் கழற்றி பேரிங்குகளை எடுத்தபோது எல்லாவற்றிலும் வரிவரியாகக் கீறல். அந்தப் பொடி, பேரிங்கின் மேல்தோல். கீறியது, ஹோனிங் கல்லிலிருந்து உதிர்ந்த மணல்.

மண்ணெண்ணெய் அழுக்கையும் கிரீஸையும் கரைக்கும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் சிக்கிய கல்துகளை வெளியே எடுக்காது. அதற்கு வேண்டியது வெந்நீரும் சோப்பும் பிரஷும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பும் வரை. இன்னொரு விஷயம், பிளாக்குக்குள் ஆயில் ஓடும் நீளமான கேலரிகளின் முனையில் பித்தளை அடைப்புகள் இருக்கும். அவற்றைக் கழற்றி உள்ளே நீளமான பிரஷ் விட வேண்டும். அவை இறுகிப்போயிருந்ததால் "பரவாயில்லை" என்று விட்டுவிட்டேன். கடைந்து வந்த கிராங்கின் உள்துளைகளுக்கும் இதே விதி.

பேரிங்கின் மேல்பரப்பு மென்மையான உலோகம். வரும் துகளைத் தன்னுள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் கிராங்க் தப்பியது. புது பேரிங், கேஸ்கெட், ஆயில் என்று 95 பவுண்டும், எஞ்சினை மறுபடி இறக்கி ஏற்றிய இரண்டு வார இறுதிகளும் தண்டம். இருபத்து நான்கு அளவு எடுத்தவன், சோப்புத் தண்ணீரில் சிக்கனம் பிடித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். திட்டவில்லை. "வண்டிய அவசரத்துல பூட்டுனா, அவசரத்துல அவுக்கணும்" என்றார்.

கோர்க்கும்போது கவனிக்க வேண்டியவை

இரண்டாம் முறை கோர்த்தபோது எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து சில.

பேரிங் இடைவெளியைச் சரிபார்க்க பிளாஸ்டிகேஜ் என்று ஒரு மெழுகு நூல் கிடைக்கிறது. கிராங்க் மேல் ஒரு துண்டை வைத்து, மூடியை முழு இறுக்கத்துக்கு முறுக்கி, மறுபடி கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ, இடைவெளி அவ்வளவு குறைவு. உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டரை தௌ வரை இருந்தால் நிம்மதி.

பிஸ்டன் ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன், வெறும் ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். அங்குல விட்டத்துக்கு நான்கு தௌ என்பது பொதுக் கணக்கு, இந்த எஞ்சினுக்குப் பன்னிரண்டு தௌவுக்குக் குறையக்கூடாது. இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் விரிந்து முட்டிக்கொண்டு உடையும்.

இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம். மெயின் பேரிங் 70 பவுண்டு-அடி. ஹெட் 45 முதல் 50. ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். கை மதிப்பு வேண்டாம். கை மதிப்பு நாற்பது வருஷ மெக்கானிக்குக்குத்தான் சரிவரும்.

வால்வு இடைவெளி வைக்க ஒரு அழகான குறுக்குவழி உண்டு: ஒன்பது கணக்கு. எட்டு வால்வுகளுக்கும் முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எந்த வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை 9இலிருந்து கழியுங்கள். வரும் எண்ணுள்ள வால்வைச் சரி செய்யுங்கள். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. இந்த எஞ்சினின் வால்வு அமைப்பு முன்பின் சமச்சீராக இருப்பதால் இது வேலை செய்கிறது. நம் ஊர் அம்பாசடர் மெக்கானிக்குகளும் இதே கணக்கில்தான் டேப்பெட் வைத்தார்கள் என்று அப்பா சொன்னார்.

முதல் இருபது நிமிஷம்

புதுக் கேம்ஷாஃப்ட்டின் ஆயுள் முதல் இருபது நிமிஷத்தில் தீர்மானமாகிவிடும். கேமும் டேப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அது. கேமின் முனைகளுக்கு ஆயில், சுற்றும் கிராங்கிலிருந்து சிதறித்தான் பெருமளவு வருகிறது. ஐடிலில் விட்டால் சிதறல் போதாது. ஆகவே ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து இருபது நிமிஷம் விடாமல் ஓட வேண்டும். ஸ்டார்ட் பண்ணும் முன்பே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்டரால் மட்டும் சுற்றி, ஆயில் அழுத்த முள் எழுவதைப் பார்த்துவிட வேண்டும்.

ஆயிலிலும் ஒரு விஷயம். இந்த மாதிரி கேம்களுக்கு ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் கலவை வேண்டும். நவீன கார்களின் கேடலிடிக் கன்வெர்ட்டரைப் பாதுகாக்க புது ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். ஆகவே விலை உயர்ந்த நவீன ஆயிலைவிட, பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 தேவலை. காசும் குறைவு.

கணக்கு

எஞ்சின் 180. கிராங்க் கடைசல் 140. ஹெட் வேலை 230. பேரிங், ரிங், கேஸ்கெட், கேம், டேப்பெட், டைமிங் செயின், ஆயில் பம்ப் எல்லாம் சேர்த்து 360. அளவுக் கருவிகள் 75. சில்லறைச் சாமான்கள் 60. என் தப்புக்கு 95. ஆக மொத்தம் 1140 பவுண்டு. ஆரம்பத்தில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை.

மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மலிவான பேரிங் வாங்கியதால் இல்லை. பேரிங், கேஸ்கெட், ஆயில் பம்ப் எதிலும் நான் விலை பார்க்கவில்லை. சிலிண்டருக்குப் போர் வேண்டாம், பிஸ்டன் வேண்டாம் என்று அளவு சொன்னதால் வந்தது. உடைந்த எஞ்சினைத் தூக்கிப் போடாததால் வந்தது. அதே அளவுதான் கண்ணுக்குப் பளபளத்த கிராங்கில் செலவு பண்ணவும் சொன்னது. இரண்டையும் சேர்த்தால்தான் சிக்கனம்.

அடுத்த வருஷம் அப்பா இங்கிலாந்து வந்தார். காரில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் "சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்கே" என்றார். சாவியைத் திருப்பினேன். ஆயில் அழுத்தம் 60க்குப் போய் நின்றது. அப்பா பேசாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "மூணாவது வால்வு கொஞ்சம் டைட்டா இருக்கு, பாத்துக்க" என்றார்.

மறுநாள் காலை அளந்து பார்த்தேன். பதினைந்து தௌ இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டுதான் இருந்தது.